சாம்பலுக்கு ஒரு பீரியடு

1

இந்தக் கதை என்னிடம் கதையாக வரவில்லை. நான் எழுதிய ஒரு கட்டுரையின் மேல் பென்சில் வட்டமாக வந்தது.

2009இல் பரமக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி, டார்வின் பிறந்து இருநூறு ஆண்டு ஆனதற்கு மலர் போட்டது. 'பரிணாமத்துக்கு மாற்றான கருத்துகளையும் பள்ளியில் சொல்லித்தரலாமா?' என்று என்னிடம் கட்டுரை கேட்டார்கள். தரலாம் என்று எழுதவா, கூடாது என்று எழுதவா என்று கேட்டேன். எது நாலு பக்கம் வருமோ அதை எழுதுங்கள் என்றார்கள். வியாபாரிகள் நடுவே வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கை அமையாது. எழுதினேன்:

"கடைக்கு வந்தவனிடம் இரண்டு சரக்கையும் எடுத்துப் போடுவதே கடைக்காரனுக்கு அழகு. எடுப்பதும் விடுவதும் வந்தவன் பாடு. பள்ளிக்கூடமும் அப்படியே…"

மலருக்குப் பிழை திருத்தியவர் நாகலெட்சுமி டீச்சர். அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தார். என் ஒற்றுப் பிழைகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, இந்த வரிகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக் கையோடு கொண்டுவந்தார்.

"கடையில பிடிக்கலைன்னா செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிரலாம் சார். வகுப்புல பெல்லடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கணும்ல?"

பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் 'நல்லவேளை, நம்ம ஊரு இல்ல' என்பான். அந்த நிம்மதியை அவனுக்குத் தர எனக்கு மனமில்லை.)

2

முதல் தொடக்கம்: "ராமேசுவரம் கோயில் மதிலில் ஒரு குரங்கு…"

அடித்துவிட்டேன். இந்தச் சீமையில் பரிணாமம் என்று எழுத உட்கார்ந்தாலே குரங்கு வந்து முன்பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கதையில் யாருக்கும் குரங்கோடு தகராறு இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "1986 நவம்பரில் நாகலெட்சுமி டீச்சர் ஒரு மரம் வரைந்தார்."

இது இருக்கட்டும்.

டீச்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பரமக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தினார். பத்தாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர். பரிணாமப் பாடம் வந்தபோது ஒரு பெரிய சார்ட்டில் மரம் போட்டார். வேரில் ஒரு செல் உயிர், மேலே போகப் போக மீன், தவளை, பல்லி, பறவை என்று கிளைகள். உச்சியில் மனிதன் என்று ஒரு சின்னக் கிளை. அதில் இருபத்து மூன்று இலைகள். சுவரில் ஒட்டிவிட்டு, அவரவர் பெயரை ஆளுக்கொரு இலையில் எழுதச் சொன்னார்.

உச்சி இலை யாருக்கும் எட்டவில்லை. பூமயில் எக்கி எழுதினாள். வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான்.

பூமயில் கீழத்தெரு தவசியின் மகள். தவசி அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்பவர். அந்தத் தெருவிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள். அவள் பரீட்சை எழுதிவிட வேண்டும். அந்த வருடம் டீச்சருக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். கதைக்கும் இது ஒன்றுதான். வேறு எதையாவது நான் இழுத்துக்கொண்டு வந்தால் நம்பாதீர்கள்.

டீச்சர் வெளியூர்க்காரர், அதனால் ஒன்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் மரம் போட்டுப் பெயர் எழுதிய படம் என்றால் அது வம்சாவளிப் படம். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று வழக்கு வரும்போது வக்கீல் மேசையில் விரிப்பார்கள். அதில் பெயர் இருந்தால் பங்காளி.

3

உக்கிரபாண்டி மேலத்தெரு. முப்பது ஏக்கர் மிளகாய்க் காட்டுக்குச் சொந்தக்காரர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவர். அவர் காட்டில்தான் தவசிக்கு வேலை. கூட்டத்துக்கு வந்தவர் சார்ட்டின் முன்னால் நின்றார். மகன் சேதுராமனின் பெயரை விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். அதற்கு மேலே இருந்த இலையையும் வாசித்தார்.

"டீச்சர், கொரங்குல இருந்து வந்தோம்னு சொல்லிக் குடுங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. எங்க மூத்த மச்சானப் பாத்தா எனக்கே அந்தச் சந்தேகம் வரும். ஆனா, எல்லாரும் ஒரே கொரங்குல இருந்தா?"

ஹெட்மாஸ்டர் ராமசுப்பிரமணியன் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மிச்சத்தை மென்று விழுங்கினார்.

"புத்தகத்துல அப்பிடித்தான்யா இருக்கு" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும்மா. யாரு வேணாம்னா? எங்ககிட்டயும் புத்தகம் இருக்குல்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு சிறுநூலை எடுத்து மேசையில் வைத்தார். 'எங்கள் குல வரலாறு.'* "இதையும் சொல்லிக் குடுங்க. பிள்ளைக ரெண்டையும் கேக்கட்டும். பிடிச்சத எடுத்துக்கிடட்டும். ஞாயந்தான?"

"ஞாயந்தான்" என்று ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். "ஆனா போர்ஷன் முடியலையேய்யா. அரப் பீரியடு ஒதுக்குவோம்."

"அந்தப் பாடத்துக்கு எத்தன?"

"ஆறு."

"அப்ப எங்களுக்கு மூணாச்சும் வேணும்ல."

"இன்ஸ்பெக்சன் வருதுய்யா. ஒண்ணு வச்சுக்கிடுவோம்."

"சரி, ஒண்ணு. அந்தப் படத்தயும் கழட்டிரணும்."

"கழட்டிருவோம்."

நான் பார்த்த பேரங்களில் இது சுத்தமான பேரம். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கினார்கள், குரல் உயரவில்லை, காப்பி குடித்தார்கள். கைமாறிய சரக்கு மட்டும் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை.

டீச்சர் மனசுக்குள் தனியாக ஒரு பேரம் நடந்தது. முடியாது என்றால் உக்கிரபாண்டி தவசியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். மறுநாள் பூமயில் பள்ளியில் இருக்கமாட்டாள். ஒரு பீரியடுதானே, நாற்பத்தைந்து நிமிடம். டீச்சரே நாற்காலியைப் போட்டு ஏறி சார்ட்டைக் கழற்றினார்.

* இப்படிப்பட்ட குல வரலாறுகள் ஏழெட்டு என் கைக்கு வந்திருக்கின்றன. திருவிழாவுக்கு அச்சடித்துச் சும்மா கொடுப்பார்கள். மூதாதை ஒன்றில் தீயிலிருந்து வருவார், ஒன்றில் தாமரையிலிருந்து, ஒன்றில் சாமியின் வியர்வையிலிருந்து. ஒரு தாய் வயிற்றிலிருந்து வந்ததாக ஒன்றிலும் இல்லை.

4

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உக்கிரபாண்டியை எழுதும்போது என் கை துள்ளுகிறது. மச்சான் பகடி நான் போட்டது; அவர் அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிருக்குமே என்று இப்போது பயமாக இருக்கிறது. அடித்துவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"இருக்கட்டும் சார். அவரு சிரிச்ச மொகமாத்தான் பேசுவாரு. பயமே அதுதான்."

டீச்சரை எழுதுவதிலும் கோளாறு. முதல் பிரதியில் இப்படி இருந்தது: "டீச்சர் விருட்டென்று எழுந்து, 'முடியாது' என்று மேசையில்…"

வாசித்துப் பார்த்தவர் பென்சிலை எடுத்தார். "நான் எந்திரிக்கவே இல்ல சார்" என்றார்.

5

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் பீரியடு.

அந்தச் சிறுநூலை டீச்சர் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. படித்தால் வாசிக்க முடியாமல் போய்விடுமோ என்றுதான். ஒளிச்சேர்க்கை நடத்தும் அதே குரலில் வாசித்தார். பழக்க தோஷத்தில் போர்டில் தலைப்பும் எழுதிக்கொண்டே வந்தார்.

1. தோற்றம்.

"ஆதியில் பெருந்தீ எழுந்தது. அத்தீயினின்று நம் குல முதல்வர் உருவிய வாளோடு வெளிப்பட்டார்."

இரண்டாம் வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். கண் ஓடிய வேகத்தில் கை அடுத்த தலைப்பைப் போட்டுவிட்டது.

2. சாம்பல்.

"அவர்க்கு ஏவல் புரியும்பொருட்டு, மிஞ்சிய சாம்பலினின்று…"

குரல் நின்றது. வாக்கியத்தை நிறுத்தினால் அது நின்றுவிடும் என்று அவர் நினைத்தார். மீதி வாக்கியம் தெரியாத ஒரே ஆள் அந்த வகுப்பில் அவர்தான்.

பூமயில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாத் தலைப்புக்கும் செய்வதுபோல அந்தத் தலைப்புக்குக் கீழேயும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். பிறகு எழுந்து நின்றாள்.

"டீச்சர், மொதப் பாடத்துக்குச் சான்று எழுதச் சொன்னீங்க. எலும்பு, கல்லுல பதிஞ்ச தடம்னு எழுதுனோம். இதுக்குச் சான்று என்ன எழுத?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் சேதுராமன் சொன்னான்:

"நீதான்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. [இந்த இடத்தில் ஏதாவது சொல்ல வைக்கிறேனே என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். தலையை ஆட்டிவிட்டார்.] பெல் அடித்தது.

திங்கட்கிழமை பூமயில் உள்ளே வரும்போதே ஒருத்தன் கத்தினான்: "ஏலே, சாம்பல் வந்துருச்சு. பெஞ்சத் தொடச்சிட்டு உக்காருங்கடா!"

பொங்கல் விடுமுறை வரை வந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

6

டீச்சர் கீழத்தெருவுக்குப் போனார். தவசி முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பூமயில் உள்ளேதான் இருந்தாள், வெளியே வரவில்லை.

"என்னய இதவிட மோசமாப் பேசியிருக்காங்க டீச்சர். வரப்புல பேசுனா காத்தோட போயிரும். நீங்க போர்டுல எழுதிப் போட்டீங்க."

"நான் வாசிச்சேன், அவ்வளவுதான். அது என் பேச்சு இல்ல."

"அவளுக்கு அது எப்பிடித் தெரியும்? பள்ளிக்கூடத்துல சொல்றது நெசம்னுதான அனுப்புனோம். நெசத்த ரெண்டு விதமாச் சொல்லுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுல்ல."

"அது பொய்ங்க, தவசி."

"அப்பச் சரி. அத வகுப்புல வச்சுச் சொல்லுங்க. மறுநா நானே கொண்டாந்து விடுறேன்."

டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். "முடிஞ்சுபோன பேரத்தக் கிண்டாதீங்கம்மா" என்றார் அவர். "இன்னொரு ரூம் கட்டித் தாரேன்னுருக்காரு. நாப்பது பிள்ளைக வெயில்ல உக்காந்திருக்கு, பாத்தீங்கள்ல?"

பார்த்திருந்தார். அதுவும் உண்மைதான். இதனால்தான் இந்தக் கதையில் நல்லவன் கெட்டவன் பிரித்து விலை போட முடியாமல் திணறுகிறேன்.

மறுநாள் டீச்சர் சாக்பீஸோடு வகுப்புக்குள் போனார். இருபத்திரண்டு முகங்கள். முன்பெஞ்சில் சேதுராமன். சாக்பீஸை மேசையில் வைத்தார். "பக்கம் நூத்திப் பத்து எடுங்க" என்றார். சிறுநீரகம்.

7

முடிவுகள்.

(அ) "பூமயில் தேறி, நர்சாகி, வயசான உக்கிரபாண்டிக்கு அவளே ஊசி…" இது விலை போகும். நானே இரண்டு பிரதி வாங்குவேன். பொய்.

(ஆ) "உக்கிரபாண்டி மனம்…" இல்லை.

(இ) டீச்சர் சொன்னது.

1987 ஏப்ரல், முதல் பரீட்சை. நாலு மைல் தள்ளி ஒரு பள்ளியில் சென்டர். பூமயிலுக்கும் ஹால் டிக்கெட் வந்திருந்தது. பெயரை அடிக்கவிடாமல் டீச்சர் பார்த்துக்கொண்டார். அவரால் முடிந்தது அது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அந்தச் சீட்டோடு சென்டர் வாசலில் நின்றார். ஊர் பஸ் வந்தது. இருபத்திரண்டு பேரும் இறங்கினார்கள். கடைசியாகத் தவசி இறங்கினார், தனியாக.

"புள்ள எங்க?"

"காட்டுல. மொளகாப் பழம் எடுக்குது."

யார் காட்டில் என்று டீச்சர் கேட்கவில்லை. தவசி கையை நீட்டினார். "அந்தச் சீட்டக் குடுங்க டீச்சர், வீட்டுல வச்சுக்கிறோம். அதுல அவ பேரச் சரியாப் போட்டுருக்காகளாம்ல."

"பத்தரை வரைக்கும் உள்ள விடுவாங்க, தவசி. ஒரு வாடகைக் காரப் பிடிச்சுப் போயிக் கூட்டியாந்துருவோம். நான் கூப்பிட்டா வருவா."

"வருவா டீச்சர்." சீட்டை மடிக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார். "என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

உள்ளே பத்து மணி அடித்தது.

இதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று டீச்சர் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வருகிற ஆத்திரத்தையோ நிம்மதியையோ எடுத்துக்கொண்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதப் பார்த்தேன்.

"பூமயில், நான் அன்னைக்கு வாசிச்சது…"

"பூமயில், அவங்க கெடக்கட்டும், நீ பரீட்சைய மட்டும்…"

"பூமயில், ரெண்டுல எது நெசம்னு நீயே…"

மூன்றும் பாதியில் செத்துவிட்டன. இருபத்திரண்டு வருடமாக டீச்சரும் இதைத்தான் எழுதிப் பார்க்கிறாராம். அந்த வாக்கியத்தை மிளகாய்க் காட்டில் நின்று சொல்ல வேண்டும். வேலை செய்கிற பெண்கள் காதிலும், வரப்பில் குடை பிடித்து நிற்கிற உக்கிரபாண்டி காதிலும் விழ வேண்டும். வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரலில் இருக்க வேண்டும். கிசுகிசுத்தால் செல்லாது.

இப்போது பத்து மணி நாலு நிமிடம். கார் நிற்கிறது. போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம். நடுவில் ஒரு வாக்கியத்துக்கு நேரம் இருக்கிறது. அவள் குனிந்து பறித்துக்கொண்டிருக்கிறாள், கூடை பாதி நிறைந்திருக்கிறது.

கூப்பிடுங்கள்.