கெசியா போட்ட கீறல்

1

இந்தக் கதையைத் தொடங்கியவள் என் மனைவி மேவிஸ். தன் கொள்ளுப்பாட்டி கெசியாவைத் தேடிக் கிறிஸ்தவக் கோயில் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்குகளையும் புரட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவள் இறந்துபோனாள். குறிப்புகள் என் மேசைக்கு வந்தன.

முடிக்கச் சொல்பவன் அவள் அண்ணன் நார்மன். ஈஸ்டருக்குக் குடும்பம் முழுக்க ஹேல்ஸோவன் ஊரில் கூடுகிறது. ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டுமாம். "நாலு புஸ்தகம் படிச்சவன் நீதான், மாப்ள. நாங்க எழுதினா பேனா உடையும்."

முதல் தொடக்கம்: "1867 நவம்பரில், பனி மூடிய ஒரு காலையில்..." [பனி இருந்ததாக எந்தப் பதிவும் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.]

இரண்டாவது: "எரியும் உலைக்கு முன்னால் நின்ற கெசியாவின் கண்களில்..." [அவள் கண்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?]

மூன்றாவது: கெசியா டாங்க்ஸ், வீட்டுக் கொல்லைப் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி ஆணி அடித்தவள். ஏனோக் பில்லிங்ஹம், அவனும் ஆணி அடித்தவன். மணந்துகொண்டார்கள். இதுவரை நார்மனுக்கும் எனக்கும் சண்டையில்லை.

2

சண்டை அவர்கள் கல்யாணப் பதிவில் இருக்கிறது. ஏனோக்குக்கு எழுதத் தெரியாது. பாதிரியார் அவன் பெயரை எழுத, பக்கத்தில் பெருக்கல் குறிபோல ஒரு கீறல் போட்டான். அதற்குக் கீழே கெசியாவும் அப்படியே ஒரு கீறல் போட்டிருக்கிறாள்.

ஆனால் அதே பதிவேட்டில் சில பக்கங்கள் முன்னால் அவள் அக்கா லியாவின் கல்யாணம் இருக்கிறது. அதில் சாட்சி, கெசியா டாங்க்ஸ். கையெழுத்து முழுசாக, உருண்டையாக, அவசரமில்லாமல் போடப்பட்டது.

இரண்டையும் பார்த்துவிட்டு நானும் மேவிஸும் பஸ்ஸில் திரும்பினோம். வழியில் அவள் சொன்னாள்:

"அவளுக்கு எழுதத் தெரியும், ராசா. அவன் கீறினதைப் பார்த்தா. அவனைவிட ஒரு படி மேல நிக்க மனசு வரல. அவளும் கீறிட்டா."

நார்மன் ஒப்பவில்லை. கெசியாவுக்கு அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில், ஒரு சித்தப்பா மகள் இருந்தாள். மெதடிஸ்ட் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவள். லியாவுக்குச் சாட்சி போட்டவள் அவள்தான் என்பது அவன் கட்சி. அந்தப் பெண்ணின் ஞானஸ்நானப் பதிவை மேவிஸே கண்டுபிடித்திருந்தாள், மறைக்கவுமில்லை.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க புருஷனுக்காக முட்டாள் வேஷம் போட்டதா சரித்திரமே கிடையாது," என்றான் நார்மன். "புருஷனைத்தான் முட்டாள்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க."

(இது உண்மை. சாட்சி நான்.)

3

ஆகவே என் கதைமாந்தரை நானே நம்ப முடியவில்லை. "பேனாவை வாங்கிய கெசியா, ஏனோக்கின் கீறலைப் பார்த்து..." அந்த வாக்கியத்தை இதற்குமேல் கொண்டுபோக முடிந்ததில்லை.

ஆதாரம் போதாது என்பது மட்டும் காரணமில்லை. மேவிஸ் படுத்தபோது, டாக்டர் என்னைத் தனியே நடைவழிக்கு அழைத்து, பிழைக்க மாட்டாள் என்று சொன்னார். அவளிடம் சொல்லவில்லை; புருஷனிடம் மட்டும் சொல்வதுதான் எங்கள் ஊர் டாக்டர்களின் வழக்கம். நான் அவளிடம் வயிற்றுப்புண் என்றேன், வசந்தத்துக்குள் ஆறிவிடும் என்றேன். அப்படியானால் வேலியோரம் அவரை விதை போடலாம் என்றாள்.

பிப்ரவரியில், குளிர் குறையும் முன்னே, தன் நீலக் கோட்டை நார்மனின் மனைவிக்குக் கொடுத்துவிட்டாள். கனமாக இருக்கிறதாம். கோட்டு நிஜமாகவே கனம்தான். ஆனால் அடக்கப் பதிவேட்டைப் பார்த்து ஒரு தெருவுக்கே என்ன நோய் வந்ததென்று சொல்லக்கூடியவள், தன் மாத்திரைகளின் பெயரை ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை.

தெரிந்துகொண்டே, எனக்காகத் தெரியாதவள்போல் இருந்தாளா? எனக்கு வேண்டிய பதில் இது ஒன்றுதான். கெசியா எக்கேடு கெட்டாலும் கெடட்டும்.

[கடைசி வாக்கியத்தை அடிக்க நினைத்தேன். இருக்கட்டும்.]

4

முடிவு அ: கெசியாக்கள் இருவர். நம்மவள் எழுத்தறியாதவள். கோட்டு கனமானது.

முடிவு ஆ: கெசியா ஒருத்திதான்.

போன சனிக்கிழமை நார்மன் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ஒரு அப்பத்தோடு வந்து இதுவரை உள்ளதைப் படித்தான். கோட்டு வந்த இடத்தில் நின்றுவிட்டான். மேசையில் சிந்திய அப்பத் தூளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினான்.

"கோட்டைக் கொடுத்தப்போ நானும் அங்கதான் இருந்தேன், மாப்ள. அவ என்ன சொன்னான்னு நீ கேட்டா சொல்றேன். கேக்காம நானா சொல்ல மாட்டேன்."

நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு கால்பந்தைப் பற்றிப் பேசினான்.

5

திங்கட்கிழமை நான் மட்டும் கோயிலுக்குப் போய்ப் பதிவேட்டை மறுபடி கேட்டு வாங்கினேன். லியாவின் கல்யாணத்துக்கு இரண்டு சாட்சிகள். இதுவரை முதல் சாட்சியின் கையெழுத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாவது சாட்சி, ஒரு கீறல்; பக்கத்தில் பாதிரியாரின் எழுத்தில், ஏனோக் பில்லிங்ஹம்.

அந்த முதல் சாட்சி நம் கெசியாதான் என்றால், அவள் தன் பெயரை எழுதியதை ஏனோக் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். தன் கல்யாணத்தன்று அவள் கீறியபோது, அவளுக்கு எழுதத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும்.

மேவிஸ் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

சித்தப்பா மகளாகவும் இருக்கலாம். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நார்மன் பிரதிகளை எடுத்துப்போக வருவான். இப்போது அந்த வாக்கியம் இப்படி இருக்கிறது: "கெசியா பேனாவை வாங்கிக் கீறினாள். அருகில் நின்ற ஏனோக்..."

கீழே இடம் விட்டிருக்கிறேன். ஏனோக் என்ன சொன்னான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் எழுதினால், என்னைப்போலவே அவனும் வாய் திறக்க மாட்டான்.