எலும்பு தின்ற இலந்தை

எங்கள் மலைச்சரிவில் தினை விதைப்பதை நிறுத்தி, மண்ணைப் பிடித்து நிறுத்தும் ஹுவாய் மரம் நட அரசாங்கம் சொன்ன வருஷம், முதல் குழி தோண்டியவர் பக்கத்து வீட்டு மான்துன்தான். மழைக்கு மழை கரைந்து ஓடிய மஞ்சள் மண், இன்று உதிர்ந்த இலை மக்கிக் கறுத்துப் பொதபொதவென்று கிடக்கிறது, கண்ணுகளா.

ஆனால் தோப்போரம் அவர் மனைவி சாய்லியானின் இலந்தை நிற்கிறது. கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கன்று. சில வருஷமாக அதில் இலைதான், பழமில்லை.

"உன் ஹுவாய்தான்யா என் மரத்தை உறிஞ்சுது. இந்த வருஷமும் காய்க்கலேன்னா வெட்டி அடுப்புல வச்சிருவேன்."

"மரத்தையா, என்னையா?"

"எது முதல்ல காயுதோ அதை!"

சிரித்தாலும் மான்துனுக்குச் சுருக்கென்றது. மண் சோதிக்க வந்த வனத்துறைப் பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டார். முடிவோடு மறுபடி வந்தபோது அவள் சொன்னாள்:

"தழைச்சத்து நிறைய சேர்ந்திருக்கு தாத்தா, அதான் இலை செழிப்பு. மணிச்சத்தையும் அடி ஈரத்தையும் ஹுவாயே இழுத்துக்குது. இலந்தையைச் சுத்திப் பள்ளம் வெட்டி, ஹுவாய் வேரை அறுங்க. எலும்புத்தூள் போடுங்க."

வீட்டில் சொன்னால் தன் ஹுவாயின் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லவில்லை. தினமும் ஆட்டு சூப் கடைக்குப் போய், ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, எலும்பு மூட்டையோடு நழுவினார்.

கடைக்காரி விதவை. ஊர் சும்மா இருக்குமா? சாய்லியான் ஒருநாள் அவர் பின்னாலேயே போனாள். நானும் துணைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன.

இலந்தையடியில், இடுப்பளவு பள்ளத்தில், முகமெல்லாம் சாம்பலாக, சுட்ட எலும்பைக் கல்லால் இடித்துக்கொண்டிருந்தார் மான்துன். பக்கத்தில் அறுத்த ஹுவாய் வேர்கள் குவிந்து கிடந்தன.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நீ ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பே."

அவள் பள்ளத்தில் இறங்கிக் கல்லைப் பிடுங்கினாள். "இவ்வளவு பெரிசு பெரிசாவா இடிப்பாங்க? தள்ளு அந்தப் பக்கம்."

அந்த வருஷமும் காய்க்கவில்லை. அவள் கோடரியை எடுக்கவுமில்லை. அடுத்த வருஷம் மடி நிறையச் சிவந்த பழம். மாவில் வைத்து ஆவியில் வேகவைத்து, ஒரே ஒரு பழம் பதித்த உருண்டையை அவர் முன் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுதானா?"

"மிச்சம் சூப் கடைக்காரிக்கு. எலும்பு குடுத்தவ அவதானே!"

சொல்லிவிட்டு, மடியிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து, கொட்டை நீக்கி, அவர் வாயில் திணித்தாள்.