புரியாத மாதிரி

...புரியாத மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதானே, உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று சிரிக்கப் பார்த்தார் சலூன்காரர், சிரிப்பு வரவில்லை. கடைக்கு விடுமுறை, மதியம், வீட்டு அலமாரியின் மேல்தட்டில் சோப்புக் குமிழி ஊதும் குப்பி, கண்ணுக்குத் தெரியும், மகளின் கைக்கு எட்டாது, அப்படித்தான் வைக்கச் சொல்லியிருந்தார் பேச்சுப் பயிற்சி டீச்சர். உங்கள் கையைப் பிடித்து இழுப்பாள், இழுக்கட்டும், எழுந்துவிடாதீர்கள், ‘ஊது’ என்று முழுசாக வர வேண்டாம், ‘ஊ’ என்று உதடு குவிந்தாலே போதும்... கேட்பதற்கு முன்பே பெய்துவிடுகிற மேகத்தின் கீழ் முளைத்த செடி வேரை ஆழமாக விடவே இல்லையாம், கதையும் சொன்னார். நல்ல கதைதான். ஆனால் மேகம் ஒதுங்கிய பிறகு அந்தச் செடி வேர்விட்டதா, வாடிப்போயிற்றா? அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது, இவரும் கேட்க மறந்துவிட்டார்.

நாற்காலியில் வந்து உட்காருகிறவர் கழுத்தைச் சாய்க்கிற சாய்ப்பிலேயே காதோரம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கைராசி என்பார்கள், ராசியாவது ஒன்றாவது, எல்லாம் கவனிப்பு. நாலு வயது மகளையும் அப்படித்தான் படித்து வைத்திருந்தார், விரலைப் பிடித்தால் தண்ணீர், மணிக்கட்டைப் பிடித்தால் கதவு, சட்டை நுனியைக் கடித்தால் மிக்சி சத்தம் தாங்கவில்லை... ஆட்டிசம் என்று டாக்டர் சொல்வதற்கு வெகு முன்பே தொடங்கிய படிப்பு. “உன் வாயில பாதியப் புள்ளைக்குக் குடுத்திருந்தா ரெண்டு பேரும் பொழச்சிருப்பீங்கப்பா!” என்று வாடிக்கைக்காரர் ஒருவர் கேலி செய்தபோது கடையே சிரித்தது, இவரும் சிரித்தார், கத்தரி மட்டும் ஒரு நொடி நின்று பிறகு ஓடியது. மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “அவ வாயத் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போய் எடுத்துக் குடுத்துடறீங்க. உங்களுக்குப் புரியுது, சரி. நமக்கப்புறம் யாருக்குங்க புரியும்?” அந்தக் கேள்வியோடுதான் பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் போனார்.

மகள் வந்துவிட்டாள். அவருடைய வலக்கையை இரண்டு கைகளாலும் தூக்கி அலமாரிப் பக்கம் இழுத்தாள், அவர் கையைத் தளரவிட்டார், “என்ன வேணும் குட்டி? ஊ...?” என்றார், தன் குரலே தனக்குப் பொய்யாகக் கேட்டது. எப்போதும் தோளைத் தாண்டி எங்கோ பார்ப்பவள் இப்போது அவர் முகத்தைப் பார்த்தாள், முகத்தையே பார்த்தாள், உதடு குவிந்ததா, வெறும் மூச்சா, இன்னும் கொஞ்சம் பொறு, கால் துடிக்கிறது, எழாதே, அழட்டும், அழுதால் தாங்கிக்கொள்ளலாம்... அவள் அழவில்லை. தூக்கிய கையைத் திரும்பக் கொண்டுவந்து அவர் முழங்கால்மேல் வைத்தாள், மெதுவாக, சாவி தீர்ந்து நின்றுபோன பொம்மையை வைப்பதுபோல, மடங்கிக் கிடந்த விரல்களைக்கூட நேராக்கிவிட்டாள். பிறகு சுவரோரம் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

“என்னங்க, ஏதாவது சொன்னாளா?” சமையலறையிலிருந்து மனைவியின் குரல், அதில்தான் எத்தனை ஆசை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார், இல்லை என்பது சரியா, இத்தனை நாளும் இந்தக் கையிடம்தானே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள், இனி எதனிடம் சொல்வாள்... முழங்கால்மேல் அவள் வைத்த இடத்திலேயே கை கிடந்தது. அதை அசைக்க அவருக்குப் பயமாக இருந்தது.