அம்முலு பெயரில் பதிந்த பறவை

கார்த்திகை மாதம் இரண்டாம் புதன்கிழமை, எங்கள் ஊர் ரேஷன் கடையில் ஒரு பறவை வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கைரேகைக் கருவியில் நகத்தை வைத்து, அம்முலு என்று பதிவானது. அன்று துவரம் பருப்பு வரவில்லை. பாமாயில் வந்திருந்தது.

என்ன பறவை என்று யாருக்கும் தெரியவில்லை. வேடந்தாங்கலுக்குப் போகிற வழியில் எங்கள் ஏரியில் இறங்கும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை. இடுப்பு உயரம், மஞ்சள் பூசினாற்போன்ற கால்கள், கழுத்தில் கத்திரிப்பூ நிறம், தலையில் விரித்து மடக்குகிற கொண்டை. டிராக்டர் ஓட்டும் வினோத்குமார் அதைப் படம் பிடித்துத் தன் போனிடம் கேட்டான். எழுபத்தாறு சதவீதம் குடை என்றது. போன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன்னையும் படம் பிடித்தான். கொக்கு என்றது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் ஊரில் ரேஷன் வரிசையில் ஆட்கள் நிற்பது கிடையாது. விடிந்ததும் பையை வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடை திறந்ததும் வந்து, தத்தம் பையை நகர்த்திக்கொண்டே போவார்கள். பறவை, சின்னபொண்ணுவின் மஞ்சள் பைக்கும் அம்முலுவின் ஒயர் கூடைக்கும் நடுவில் வந்து ஒற்றைக் காலில் நின்றது. பைகள் நகர்ந்தபோது அதுவும் நகர்ந்தது. விரட்ட வந்த கடைக்காரர் செந்தமிழனைச் சின்னபொண்ணு தடுத்தாள்.

"கல்ல வெச்சிட்டுப் போனாலே எடம் உண்டு. இது உசுரோட நின்னுக்கினு கீது. இன்னா நைனா உன் நாயம்?"

செந்தமிழன் தராசுக்குத் திரும்பிப் போனார்.

அம்முலு இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. முப்பது வருடம் நாற்று நட்டும், கல்யாண வீடுகளில் அண்டா தேய்த்தும் அவள் விரல்களில் ரேகை அழிந்திருந்தது. மூன்று மாதமாகக் கருவி அவளை அம்முலு என்று ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணைக் காட்டச் சொன்னார்கள். கண்ணிலும் அவள் அகப்படவில்லை. அட்டையில் இருப்பது அவள் பெயர் ஒன்றுதான். இந்த மாதம் பதியாவிட்டால் அதுவும் நீங்கிவிடும். அரிசி போவதைவிட வேறொன்று அவளை அரித்தது. கணவன் சின்னராசு விட்டுப்போன நாளிலிருந்து, கண்ணாடியில் தெரிவது யார் என்று அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. கருவிக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் விளங்கவில்லை.

பறவை நகத்தை வைத்தது. கருவி கீச்சென்றது.

"யக்கா, மேட்ச் ஆயிடுச்சு," என்றார் செந்தமிழன்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். அம்முலு, பெண், நாப்பத்தாறு. ஆனா வெச்சது அது."

சின்னபொண்ணு பறவையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "மூக்கப் பாரு. அச்சு அசல் நம்ம அம்முலுவேதான்."

"போடி இவளே," என்ற அம்முலு, வெகு நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அரிசியைக் கூடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பறவை கூடவே நடந்தது.

மார்கழி, தை, மாசி, பங்குனி நான்கு மாதமும் பறவை பதிந்தது, அம்முலு வாங்கினாள். மற்ற நாட்களில் அது ஏரியில் நத்தை தின்றது. சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்றது. கண்ணாடி விஷயத்தை அவள் அதனிடம் மட்டும் சொன்னாள். அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. தெரிந்தவர்களைச் சந்தையில் கண்டால் பார்க்கிற பார்வை.

பங்குனிக் கடைசியில் ஏரி வற்றியது. கூழைக்கடாக்கள் கிளம்பிய அன்றே அதுவும் வடக்கே போய்விட்டது.

சித்திரையில் அம்முலு தனியாக வரிசைக்கு வந்தாள். இனிப் பெயர் போய்விடும் என்றே நினைத்திருந்தாள். விரலைச் சேலையில் துடைத்து, கருவியில் வைத்தாள். கருவி கீச்சென்றது. சீட்டு வந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. வயது நான்கு. அரிசிக்குப் பதில் நத்தை, ஆறு கிலோ.

செந்தமிழன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நத்தை ஸ்டாக் இல்லக்கா. அடுத்த மாசம் வா."

"வந்தா மறைச்சி வெக்காத, நைனா. ஊரே பாத்துக்கினு கீது," என்றாள் சின்னபொண்ணு. பிறகு தன் பையிலிருந்து பாதி அரிசியை அம்முலுவின் கூடையில் கொட்டினாள்.

அம்முலு அந்த எழுத்தை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்கு மட்டும் படிக்க வந்தது. கேட்டவர்களிடம் சொல்லவில்லை. வடக்கே ஏதோ ஒரு கடையில் அம்முலு என்ற பெயரில் இந்நேரம் யாரோ அரிசி வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். தன் பெயர் அவ்வளவு தூரம் போயிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சற்று நேரம் ஒற்றைக் காலில் நின்றுவிட்டுக் கிளம்பினாள்.

வைகாசியில் அரிசி லாரியிலேயே நத்தை வந்தது. எடை சரியாக இருந்தது.