ஓடாமல் நின்றவர்

ஏர்னஸ்ட் சொல்லும் கதையில், அவர் அடித்த பந்து ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் இன்னும் கொஞ்சம் உயரமாகப் பறந்துகொண்டிருந்தது. பேஸ்போலின் தம்பியான சொப்ட்போலில் நாட்டுக்காகவே பந்தெறிந்தவர் ஹோனே. இருவரும் வேலைசெய்த தொழிற்சாலையின் பிக்னிக்கில் அவருடைய பந்தை ஏர்னஸ்ட் வேலிக்கு வெளியே அனுப்பினார் என்பது ஓக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதித் தமிழர் எல்லாருக்கும் தெரியும். அப்போது விசா கிடைக்காமல் மன்னாரில் இருந்த மனைவி அன்ரனீற்றா, அதை உறவினருக்கெல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தாள்.

ஹோனே போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அவருடைய பந்தை நேருக்கு நேர் கண்டவர்களின் நினைவுகளை நூலகத்துக்காக ஒலிநாடாவில் சேர்த்துக்கொண்டிருந்தாள் மஹதி, சென்னைப் பெண். 1997இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏர்னஸ்ட் வீட்டுக்கும் வந்தாள். வெளியே மழையென்று சொல்ல முடியாத ஒரு ஈரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதோட இருபத்துமூணு பேர் அங்கிள். அதுல பத்தொன்பது பேர் வேலியைத் தாண்டி அடிச்சிருக்காங்க. வேலிக்கு உள்ள விழுந்த பந்தே இல்ல போல."

"இவர் சும்மா சொல்லுறவரில்லைப் பிள்ளை," என்று சொல்லி அன்ரனீற்றா, பொரித்த ரோல்ஸ் தட்டை வைத்தாள். "இஞ்சருங்கோ, சொல்லுங்கோவன்."

மஹதி ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினாள். "எல்லாரும் வேகத்தைத்தான் பேசுறாங்க. மனுஷன் எப்படிப்பட்டவர்னு ஒருத்தரும் சொல்லல."

ஏர்னஸ்டின் நாக்கில் முதல் வரி தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. அந்த மனுஷன் எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் வேலிக் கதையை விட்டுவிட வேண்டும். அன்ரனீற்றாவோ பக்கத்திலேயே இருந்தாள். நாடா தன்பாட்டில் சுழன்றது.

"நான் அடிக்கேல்லை," என்றார் கடைசியில்.

அன்ரனீற்றாவின் கை தட்டின் மேலேயே நின்றது.

"முதல் ரெண்டு பந்தும் கண்ணுக்குத் தெரியேல்லை. சத்தம்தான் கேட்டது. மூண்டாவதுக்குக் கிரிக்கெட்டில மாதிரி காலை முன்னுக்கு வைச்சு, மட்டையைச் சும்மா நிமித்திப் பிடிச்சன். பட்டு, காலடியில செத்துக் கிடந்தது. நல்ல தடுப்பு. அப்பிடியே நிண்டன்."

"நின்னீங்களா? இந்த ஆட்டத்துல பட்டா ஓடணுமே!"

"ஓக்லாந்துக்கு வந்து மூண்டு மாசம், எனக்கென்ன தெரியும்? எல்லாரும் ஓடு, ஓடு எண்டு கத்துகினம். இதுக்குப் போய் ஏன் ஓடுவான் எண்டு நான் தலையாட்டிக்கொண்டு நிக்கிறன்."

ஹோனே வந்து பந்தை எடுத்தார். ஏர்னஸ்ட் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்துக்கு ஒரு எறி எறிந்தால், அவர் அவுட். அவர் எறியவில்லை. காத்திருந்தார். கத்தல் மெல்ல மெல்ல மெலிந்து, இல்லாமலே போயிற்று. புல்லில் கடற்பறவைகள் நடந்து திரிந்தன. செய்வதற்கு ஒன்றுமில்லாத இரண்டு மனிதர் நடுவெயிலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவ்வளவு அமைதியை நான் பிறகு ஒருநாளும் காணேல்லை," என்றார் ஏர்னஸ்ட்.

"அப்புறம்?"

"கிட்ட வந்தார். உங்கட விளையாட்டில இதுக்கு ஓடத் தேவையில்லையோ எண்டு கேட்டார். இல்லையெண்டன். கொஞ்ச நேரம் யோசிச்சார். பிறகு நித்திரையில கிடக்கிற பிள்ளையைத் தொடுற மாதிரி, பந்தால என்ர தோளில தொட்டார். அதோட நான் அவுட். அவர் சிரிக்கேல்லை. மற்றாக்களையும் சிரிக்க விடேல்லை."

மஹதியின் விரல் நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போய், பாதி வழியில் திரும்பியது.

"ஊரெல்லாம் நான் எழுதினனான்," என்றாள் அன்ரனீற்றா.

"ஓம்."

"வேலிக்கு வெளியில எண்டு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "எப்பிடி நிண்டனீங்கள்? காட்டுங்கோ," என்றாள்.

அவர் எழுந்தார். இடது காலை முன்னே வைத்துக் குனிந்து, வெறுங்கைகளை முழங்காலுக்கு முன்னால் சேர்த்துப் பிடித்தார். அவள் சின்ன மேசையை ஓரமாக இழுத்துவிட்டு, ஜன்னலடியில் போய், ஹோனே நின்றதுபோல் அவருக்கு எதிரே நின்றாள். சாம்பல் வெளிச்சத்தில் அவள் முகம் தெரியவில்லை. அவர் நிமிரவில்லை. அவளும் நகரவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது.