அடுத்த ஆள் மேனுகா

அருந்ததிக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழக இடம், கிடைத்த செய்தி வந்த அன்றைக்கு ஸ்கந்தபுரம் முழுவதிலும் மேனுகாதான் அதிகமாகச் சிரித்தாள். கேக் வெட்டினாள், படம் எடுத்தாள், சித்தியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பிறகு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் தலையில் ஊற்றி ஊற்றி அழுதாள். வயிற்றெரிச்சல் தண்ணீரில் அணைகிற சாமானா என்ன?

இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள். இரஞ்சிதத்தின் மகள் மேனுகா, இரஞ்சிதத்தின் தங்கை பிரேமிளாவின் மகள் அருந்ததி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வர்த்தகப் பிரிவு, ஒரே ரியூசன். உயர்தரப் பரீட்சை முடிவு மட்டும் ஒன்றாக வரவில்லை. மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை மேலே அருந்ததி, ஒரு மயிரிழை கீழே மேனுகா.

"எங்கடை மாவட்டத்திலை அடுத்த ஆள் நீதான் பிள்ளை. ஆராவது இடத்தை விட்டா உன்னைத்தான் கூப்பிடுவினம்" என்றார் ரியூசன் சேர்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவளைத் தின்றது. முற்றாகத் தோற்றிருந்தால் அழுது முடித்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பாள். அடுத்த ஆளாக நிற்கிறவளுக்கு அந்த வசதி கிடையாது.

கம்பஸ் என்றால் என்னவென்று இருவருக்கும் படிப்பித்தது ரீவி. பின்னேர ரியூசன் முடிந்து வந்து, சித்தி வீட்டில் இருந்து இந்தியத் தொடர்கள் பார்ப்பார்கள். அந்தக் கல்லூரிகளில் யாரும் படிப்பதில்லை. மரத்தடியில் கித்தார் வாசிப்பார்கள். ஒரு கோப்பைத் தேநீரை வைத்துக்கொண்டு கன்ரீனில் அரை நாள் கதைப்பார்கள். மழை தூறினால் போதும், எங்கிருந்தோ ஒருவன் குடையோடு வந்து நிற்பான்.

"எனக்கு அந்தப் படிக்கட்டு வேணுமடி. கூட்டமா இருந்து கதைக்கிற படிக்கட்டு" என்பாள் மேனுகா.

"எனக்கு அந்தக் குடை மட்டும் காணும்" என்பாள் அருந்ததி.

இப்போது படிக்கட்டும் குடையும் ஒருத்திக்கே போய்விட்டன. மேனுகா கிளிநொச்சியில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேலைகளை விரித்துக் காட்டுவாள். வாங்காமல் எழும்பிப் போகிறவர்கள் போனபின் திரும்ப மடிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைத் திறந்து அருந்ததியின் பக்கத்தைப் பார்ப்பாள். ஒரு படம்கூட இல்லை. கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. நான் பார்க்கக் கூடாதென்று மறைத்துவிட்டாள் என்று மேனுகா முடிவு கட்டினாள். படங்கள் வந்திருந்தால் பொறாமைக்கும் ஓர் எல்லை இருந்திருக்கும். வராத படங்களை அவளே மனத்தில் எடுத்துக்கொண்டாள். அவற்றில் அருந்ததி நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போனாள்.

பௌர்ணமிப் போயா விடுமுறையோடு அருந்ததி முதல் தடவை வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸால் இறங்கியவளைப் பார்த்து மேனுகா திகைத்துப்போனாள். எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல், கணுக்கால் வரை தொங்கும் பாவாடை, முழங்கையை மூடிய தொளதொளத்த சட்டை, காலில் இறப்பர் செருப்பு. முகத்தில் பவுடர்கூட இல்லை.

வாசலிலேயே சித்தி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மகளைச் சுற்றி, குசினிக்குப் போய் அடுப்பில் போட்டாள். மிளகாய் பொரிந்து கருகியது. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

"பாத்தியளே, ஒரு நெடியும் இல்லை! அவ்வளவு கண்ணூறு பிள்ளையிலை" என்றாள் சித்தி. சொல்லும்போது அவளுடைய பார்வை மேனுகாவில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது.

மேனுகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக அவள் நினைத்தாள். அங்கே விரித்த கூந்தலும் விதவிதமான சுரிதாரும். இங்கே, மேனுகாவின் கண் படக்கூடாதென்று இந்த விகாரக் கோலம். குழந்தையின் கன்னத்தில் வைக்கிற கறுப்புப் பொட்டை இவள் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள். தாயும் மகளும் பேசிவைத்துத்தான் செய்கிறார்கள். அவமானத்தில் மேனுகாவின் காது சுட்டது.

பின்னேரம் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து நேரே அருந்ததியின் அறைக்குப் போனாள்.

"என்னட்டை நடிக்காதை. அங்கை நீ எப்பிடித் திரிவாய் எண்டு எனக்குத் தெரியாதே? என்ர கண்ணுக்குப் பயந்துதானே இந்தக் கோலம்?"

அருந்ததி சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாயிற்று.

"உனக்குப் பயந்தில்லையடி, சீனியர்மாருக்குப் பயந்து. முதலாம் வருசம் இப்பிடித்தான் உடுக்க வேணுமாம். ஊருக்கு வரேக்கையும் ஆராவது பஸ்ஸிலை நிப்பினம். ஃபோனை வாங்கிப் பாக்கினம். ஒரு படம் போட்டா அண்டைக்கு முழுக்கப் பேச்சு. எனக்கு ஒரு பேர் வைச்சிருக்கினம், அதை உனக்கும் சொல்லமாட்டன்."

"பகிடிவதையோ?"

"ஓம். படிப்பு அதைவிட மோசம். முழுக்க இங்கிலிஸ். சேர் பகிடி விட்டா எல்லாரும் சிரிக்கினம், நானும் சேந்து சிரிக்கிறன். என்னத்துக்கெண்டு தெரியாது."

மேனுகா மெதுவாகக் கேட்டாள். "படிக்கட்டு இருக்கோ?"

"இருக்கு. அதிலை நாங்கள் இருக்கக் கூடாது. மழைக்குக் குடையும் பிடிக்கக் கூடாது."

மேனுகாவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அழுவதற்குக்கூட இவளுக்கு ஒரு கம்பஸ் கிடைத்திருக்கிறது, எனக்குக் குளியலறைதானே என்றுதான் நினைத்தாள்.

"எனக்கு ஏலாதடி, விடப்போறன்" என்றாள் அருந்ததி. "இந்தக் கிழமைக்குள்ளை எழுதிக் குடுத்தா அடுத்த ஆளைக் கூப்பிடுவினமாம். அடுத்த ஆள் நீதானே. நீ போ."

"யோசிச்சுச் செய்யடி" என்று மேனுகா வாயால் சொன்னாள். சொல்லி மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"ஹொஸ்டலிலை கட்டில் மேல் தட்டோ, கீழ்த் தட்டோ?"

"மேல்."

"இப்பிடிப் பாவாடை எத்தினை வேணும்? ஊரிலை தைப்பிக்கலாமோ? இங்கிலிஸுக்குத் தனி வகுப்பு வைக்கினமோ?"

அருந்ததி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். போகப் போகப் பதில்கள் குறுகின. மேனுகா அதைக் கவனிக்கவில்லை. கொடியில் கிடந்த இன்னொரு நீளப் பாவாடையை எடுத்துத் தன் உடுப்புக்கு மேலே கட்டிக்கொண்டாள். தலைமயிரை இரண்டாகப் பிரித்துப் பின்னினாள். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இல்லாத சீனியருக்குத் தலை குனிந்து காட்டினாள். எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்தது. கட்டிலில் இருந்த அருந்ததி கண்ணாடிக்குள் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் சித்தி வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். "மேனுகா, இவள் வெளிக்கிட்டிட்டாள். உடுப்புப் பாக்கை ஒருக்கால் பஸ்ஸடி மட்டும் கொண்டுபோய்க் குடு பிள்ளை."

எழுதிக் கொடுக்கத்தான் போகிறாள் என்று மேனுகா பறந்து வந்தாள். பாக்கைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு, வழி முழுக்கத் தானே கதைத்தாள். "குடுத்தவுடனை எனக்குச் சொல்லு. கடையிலை முன்கூட்டிச் சொல்லி வேலையாலை நிக்க வேணும். ரியூசன் சேரிட்டையும் ஒருக்கால் கேப்பம்." வயல்கரையில் பஸ் வருவது தெரிந்ததும் அருந்ததி நின்றாள்.

"நான் கம்பஸை விடேல்லை."

"நேற்றுச் சொன்னியே!"

"சொன்னனான். விடாதை எண்டு நீ ஒருக்கால் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பாவமெண்டாவது சொல்லுவாய் எண்டு பாத்தன். நீ என்ர பாவாடையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியிலை சிரிச்சாய்."

"அங்கை அவ்வளவு கஷ்டமெண்டு நீதானே சொன்னாய்" என்றாள் மேனுகா.

"கஷ்டந்தான்" என்றாள் அருந்ததி, சைக்கிளிலிருந்து பாக்கை அவிழ்த்துக்கொண்டு. "அந்தக் கஷ்டத்தையும் உனக்குத் தர எனக்கு மனமில்லை."

பஸ் நின்றது. அவள் ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி அடங்கும் வரைக்கும் மேனுகா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருந்ததியைத் திட்டுவதற்கு நல்ல சொல்லாக ஒன்றைத் தேடினாள், அகப்படவில்லை. அந்த இடம் தன் கையில் இருந்திருந்தால் அவளும் கொடுத்திருக்கமாட்டாள்.