பிளசியின் பட்டையில் கடைசிக் கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் கிடைத்தது. லேப்டாப் திரையின் மேல்விளிம்பில் ஒல்லியாக ஒரு பட்டை. அதில் சிபியு, மெமரி, சூடு, பேட்டரி என்று சின்னச் சின்னக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் 'தோட்டம்' என்று எழுதியிருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

அதியமான்கோட்டையில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—

(அந்த வரியை அடித்துவிட்டேன். பிளசியின் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

அந்தப் பட்டையை எழுதியவள் பிளசி. அன்று சாயங்காலம் அவளுக்குப் பெங்களூர் கம்பெனியின் ஆன்லைன் இன்டர்வியூ. தான் செய்ததை ஓட்டிக் காட்ட வேண்டும். 'தோட்டம்' அவளுடைய பெருமை. தோட்டத்து மோட்டார் கொட்டாயில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறாள்; மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்டு, நாளில் சில மணி நேரமே வருவது, வந்தால் இந்தக் கட்டம் பச்சையாகும். உடனே ஓடி மோட்டார் போட வேண்டும். தவறினால் மல்பெரி வாடிவிடும், பட்டுப்புழுவுக்கு இலை இருக்காது.

3

மதியம் லேப்டாப் கொதித்துக் கொதித்துத் தானாக அணைந்தது.

"என்னம்மா, வூட்டுக்குள்ள இஸ்திரிப் பொட்டி வெச்சாப்பல அனலடிக்குது?" என்றார் அப்பா சவரி.

"எதுவோ உள்ள உக்காந்து சிபியுவத் தின்னுதுப்பா. புடிக்கிறேன் இருங்க."

பிடித்தாள். தின்றது அவளுடைய பட்டையேதான். கரண்டு வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கொட்டாயை ஓயாமல் கேட்கும்படி எழுதியிருந்தாள். கரண்டுக்குக் காத்துக் கிடந்தே வளர்ந்தவள், வேறெப்படி எழுதுவாள்?

(தன்னையே எட்டிப் பார்த்துப் பார்த்து இந்தக் கதையும் பாதிப் பக்கத்தைத் தின்றுவிட்டது.)

கேட்பதை நிறுத்தினாள். வந்தால் கொட்டாயே சொல்லட்டும் என்று மாற்றி எழுதினாள். ஃபேன் இரைச்சல் அடங்கியது. சூடு இறங்குவதைத் தன் பட்டையிலேயே பார்த்தவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கும் சுற்ற வேண்டும்போல் இருந்தது.

4

சவரியை நான்தான் தருமபுரிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பிளசி தனியாக இருந்தால்தான் கதை நகரும்.

இன்டர்வியூவில் பட்டை அழகாக ஓடியது. கம்பெனிக்காரர் மாதவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது பார்த்துக் கடைசிக் கட்டம் பச்சையானது.

"அந்தப் பச்சை என்னங்க?"

முடிவு அ: பேசிக்கொண்டே இருக்கிறாள், வேலை கிடைக்கிறது, செடி வாடுகிறது.

முடிவு ஆ: சொல்லாமல் ஓடுகிறாள், வேலை—

பிளசி என்னைக் கேட்கவில்லை.

"எங்க தோட்டத்துல கரண்டு வந்துருச்சுங்க சார். பட்டையப் பாத்துட்டே இருங்க, மோட்டார் ஓடுனா அதுவே சொல்லும். தோ, வந்தர்றேன்."

போய்விட்டாள். காலி நாற்காலி இன்னும் லேசாகச் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் 'தோட்டம்' கட்டத்தில் மோட்டார் ஓடுகிறது என்று வந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

மாதவராஜ் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறாரா? அதைக் காட்ட ஒரு கட்டம் பிளசி எழுதவில்லை. அந்தக் கட்டத்தை நீங்கள் எழுதுங்கள்.